இடது கன்னத்து மச்சம்

ஒரு பெண் காணாமல் போனால் தேட வேண்டும் என்பது பழைய காலத்து வழக்கம். அப்போது ஜனங்களுக்கு வேறு வேலை இல்லை. இப்போது நாகரிகம் வளர்ந்துவிட்டது. காணாமல் போனது உண்மைதானா என்று அவரவர் கட்டிலில் படுத்தபடியே ஆராய்ந்து முடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ரிசப்ஷன் அக்காவுக்கு இந்த நாகரிகம் தெரியாது. பல் ஆஸ்பத்திரியின் முன்மேஜையில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் சிரித்த முகமாக "கொஞ்சம் உக்காருங்க, இப்ப கூப்பிட்டுருவாங்க" என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒரே மகள். பதினாறு வயசு ஆனாலும் வீட்டில் குட்டிதான். சதா செல்போனை நோண்டுகிறாளே என்று அம்மா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டுக் குட்டி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கிளம்பியவள் மறுநாளும் வரவில்லை. அம்மா போலீசில் புகார் கொடுத்தாள்.

"ஒரு வீடியோ பேசிக் குடுங்கம்மா. பொதுமக்கள் ஒத்துழைப்பு ரொம்ப முக்கியம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பேசினாள். வயசு, உயரம், மச்சம் எல்லாம் சொன்னாள். ஆனால் "தகவல் தெரிஞ்சா சொல்லுங்க, நன்றி" என்று முடிக்கும்போது, தொழில் பழக்கம், யாரும் கேட்காமலே ஒரு சிரிப்பு வந்து தொலைத்தது.

போதாதா? பொதுமக்கள் ஒத்துழைக்கத் தொடங்கினார்கள். 'கழுகுக்கண்' என்ற பெயரில் வீடியோ போடுகிறவர் ஒருவர். பகலில் டைல்ஸ் கடையில் விற்பனையாளர், மீதி நேரமெல்லாம் துப்பறிவாளர். அந்தச் சிரிப்பை நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "பெத்தவ இப்படிச் சிரிப்பாளா? யோசிங்க மக்களே" என்றார். மக்கள் உடனே யோசித்தார்கள்.

பதறிப்போய் அழுது இன்னொரு வீடியோ போட்டாள். "நேத்து சிரிப்பு, இன்னிக்கு அழுகை. முரண்பாட்டைப் பாத்தீங்களா?" என்றார் கழுகுக்கண். கண்ணீர் வலது கண்ணில் முதலில் வந்ததாம். நிஜ துக்கம் இடது கண்ணில்தான் ஆரம்பிக்குமாம்.

ஊரெல்லாம் ஒட்டிய 'காணவில்லை' சுவரொட்டியில் அவள் நம்பர் இருந்ததால் போன் ஓயவேயில்லை.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். உங்க பின்னால சுவத்துக் கடிகாரம் ஏன் நின்னுருக்கு?"

"பேட்டரி தீந்துபோச்சுங்க. என் பொண்ணைப் பாத்தீங்களா?"

"அப்படிச் சொல்லச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா?"

பொறுக்க முடியாமல் காவல் நிலையத்துக்கு ஓடினாள். நாலு காவலர்கள் நாலு கம்ப்யூட்டரில் அந்த வீடியோவுக்கு வந்த கமெண்ட் படித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு எதிரே இருந்த ஒரே நாற்காலியில் கழுகுக்கண், கௌரவ ஆலோசகராக, கால்மேல் கால் போட்டிருந்தார்.

"எங்கெல்லாம் தேடினீங்க சார்?" என்றாள் நின்றபடியே.

"என்னம்மா நீங்க! வந்து குவிஞ்ச சந்தேகத்துக்கெல்லாம் விளக்கம் எழுதவே ஆள் பத்தல. இதுல தேடுறதுக்கு எங்க போக?"

கழுகுக்கண் செருமினார். "சுவரொட்டியில மச்சம் இடது கன்னத்துல. பள்ளிக்கூட அடையாள அட்டையில வலது கன்னத்துல. ஆக, பொண்ணு ரெண்டு."

"ஐயோ, சுவரொட்டியில இருக்கறது அவளே போன்ல எடுத்துக்கிட்டதுங்க. கண்ணாடியில பாக்குற மாதிரி பக்கம் மாறி விழுந்திருக்கு."

"அதை நீங்க சொல்லக்கூடாது. நீங்க சம்பந்தப்பட்டவங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்படித்தான் நேத்து ஒரு போலி. 'அம்மா, நான்தான். தோழியோட அக்கா ஹாஸ்டல்ல இருக்கேன். போன் போட்டா எப்பவும் பிஸி. கோவம் போயிடுச்சு, வந்து கூட்டிட்டுப் போ'ன்னு கமெண்ட் போட்டிருந்தா."

அவள் மேஜையருகே பாய்ந்தாள். "எந்த ஹாஸ்டல் சார்?"

"உங்க பொண்ணு பழைய பிறந்தநாள் வீடியோவுல 'மம்மி'ங்கறா, இதுல 'அம்மா'. ஒரே நிமிஷத்துல பிடிச்சிட்டேன். நீக்கியாச்சு" என்றார் கழுகுக்கண், அடக்கமாக.

"அடப்பாவி! அது என் பொண்ணுடா!"

"நீக்கினதுக்கப்புறம் யாரா இருந்தா என்னம்மா?" என்று இன்ஸ்பெக்டர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம். குட்டி! அம்மா வருவாள் என்று எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாள், தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். வீடு பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு நேரே இங்கே. அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கமெண்ட் படித்தவர்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் கடமை தவறவில்லை. குட்டியின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். "வலதுல இருக்கே. காணாமப் போனதா பதிவானது இடது மச்சம். வலது மச்சம் காணோம்னு புகாரே வரலையேம்மா. இவளைக் கண்டுபிடிச்சதா நான் எப்படி எழுதுவேன்?"

கழுகுக்கண் அங்கேயே போனில் வாக்கெடுப்பு நடத்தினார். பெருவாரியான மக்கள் 'இவள் அவள் இல்லை' என்றார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் மனமிரங்கி, மேற்படி சிறுமியைத் தேடும் பணி தொடரும் என்றும், அதுவரை இந்தச் சிறுமியைத் தாயார் சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்றும் உத்தரவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பீரோவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள். "இந்தா தாயே, நோண்டு. உன்னை இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சோறு பிசைந்து ஊட்டினாள். குட்டி ஊட்டியதை வாங்கிக்கொண்டே இத்தனை நாள் நடந்ததையெல்லாம் போனில் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா."

"மம்மின்னுதானே கூப்பிடுவே?" கேட்ட பிறகுதான் அம்மாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கண் என்னவோ அந்த வலது கன்னத்தை விட்டு நகரவில்லை.

குட்டி போனைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு வட்டத்துக்குள் அம்மாவின் சிரிப்பு. "அந்த ஆளு லூசுதான், நான் இல்லேங்கல. ஆனா நிஜமாவே கேக்கறேன். நான் காணாமப் போனப்ப நீ ஏம்மா சிரிச்சே?"

பதில் சொல்ல அம்மா வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன அந்தச் சிரிப்புதான் முதலில் வந்தது.