மாமியைச் சாகடித்த விண்ணப்பம்

வெறும் பெருமைக்காக ஒரு மனிதன் கொலை வரைக்கும் போவான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்ற பெருமை, உயிரோடிருந்த என் மாமியையே சாகடித்தது.

மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, இளவயதில் இராணுவத்தில் சாரதியாக இருந்தவர். சண்டை தொடங்கும் முன்பே ஓய்வு பெற்று, முரசுமோட்டையில் வயல் செய்தார். அவர் காலமானதும் ஓய்வூதியம் நின்றது. அது மாமியின் பெயருக்கு வர விண்ணப்பிக்க வேண்டும். கைக்குக் கிடைத்த படிவமோ சிங்களத்தில்.

நான் கல்யாணமாகி நாலே மாதமான மாப்பிள்ளை. தம்புள்ளையில் மரக்கறிக் கடையொன்றில் ஆறு மாதம் நின்றவன். (கத்தரிக்காய், வெங்காயம், மிச்சக்காசு, என் சிங்களம் அவ்வளவுதான்.) தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குவோம் என்றாள் மனைவி. தேவையில்லை என்று சொல்லி, வாசிக்கிற பாவனையில் கண்ணைச் சுருக்கி, கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் தமிழிலேயே பதில் வந்தது, மாமாவின் பெயருக்கு. மனைவியை இழந்த அவருக்கு அனுதாபம் தெரிவித்து, இணைத்த மரணச் சான்றிதழில் பெயர் பிழையாக இருப்பதால் சரியானதோடு நேரில் வரும்படி எழுதியிருந்தார்கள். மனைவி உரத்து வாசித்தாள். குசினியிலிருந்து மாமி வந்து கதிரையில் அமர்ந்தார்.

"அப்ப இண்டைக்குச் சமையல் இல்லை."

எனக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை. கோப்பில் செத்தவரை எழுப்ப வருடக்கணக்காகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மருந்து வாங்கக்கூட யாரிடமும் காசு கேட்காதவர் மாமி. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் இருந்த பெண் உத்தியோகத்தர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார். இறந்தவர் என்ற இடத்தில் மாமியின் பெயர். விண்ணப்பதாரர் மாமா.

"இதை நிரப்பினது ஆர்?"

"மருமோன். நல்ல பிள்ளை. வாசிக்கத்தான் வராது" என்றார் மாமி.

பிழை இன்னும் பதிவில் ஏறவில்லை, புதுப் படிவம் போதும் என்றார் உத்தியோகத்தர். மாமாவின் சேவை இலக்கத்தைக் கேட்டார். நான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்க, மாமி அதை ஒரே மூச்சில் ஒப்புவித்தார். தமிழ்ப் படிவத்தையும் அவசரப்படாமல் ஆறுதலாக அவரே நிரப்பினார். மூன்றாம் மாதம் ஓய்வூதியம் வந்தது.

உயிரோடிருப்பதாக வருடாவருடம் கிராம சேவையாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். நான்தான் கூட்டிப்போகிறேன். சுகமோ என்று அவர் கேட்டால், மாமி என்னைக் கண்ணால் காட்டுவார்.

"ஓம் தம்பி. இந்த வருசமும் மருமோன் விட்டுவைச்சிருக்கிறார்."