கொடுக்காத உறையும் யோசெப்பின் மேஜையும்

லாசால், மொன்றியல்
மார்ச் 30

பெருமதிப்புக்குரிய மணிவாசகம் சித்தப்பாவுக்குத் தாரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் குளிர்கோட்டும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"வீட்டைக் காலி செய்கிறேன்" என்று சென்ற சனிக்கிழமை நான் யோசெப்பிடம் சொல்லவில்லை. அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளிலும் சொல்லவில்லை. "ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு மூணு மாசமாம்மா?" என்று போனில் கேட்டீர்கள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

யோசெப் என் வீட்டு உரிமையாளர், போலந்துக்காரர், வயது எழுபத்தாறு. கீழ்வீட்டில் அவர் தனி, மாடியில் நான் தனி. "முன்பின் தெரியாத ஆள் வீட்ல எதுக்கு இருக்கணும்? நம்ம அனுசூயா மாமி வீட்டு மாடி காலியாத்தானே இருக்கு?" என்று இதே நகரில் சென்ட் லோரன்ட் பகுதியில் எனக்கு இடம் பார்த்துவிட்டீர்கள். மாமி நல்லவர். நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று இப்போதே மூன்று முறை கேட்டுவிட்டார். இங்கே என் வாடகை ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு முடிகிறது. காலி செய்வதாக மார்ச் முப்பத்தொன்றுக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால், அது தானாகவே இன்னொரு வருடத்துக்கு நீண்டுவிடும். ஜனவரியிலேயே எழுதி, உறையிலிட்டு, கோட்டுப் பையில் வைத்துவிட்டேன். அதில் என்மீது குறை சொல்ல முடியாது.

முதல் சனிக்கிழமை கதவைத் தட்டி, வெளியே நின்றபடியே உறையை எடுத்தேன். "படிக்குக் குறுக்கே வேண்டாம்! உள்ளே வா!" என்று பதறிவிட்டார். வாசற்படிக்குக் குறுக்கே கை கொடுப்பதும் பொருள் கொடுப்பதும் போலந்துக்காரர்களுக்கு ஆகாது. உள்ளே போனால் மேஜையில் தட்டு. உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்த சோமாசு மாதிரி ஒன்று, பன்னிரண்டு வைத்தார். சாப்பிடும்போது கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்று என்னை வளர்த்தவர் நீங்கள். முடித்ததும் சொல்லலாம் என்றால், நம்மூர் போலவே அங்கும் முதல் இரண்டு "போதும்" செல்லாது. கிளம்பும்போது சொல்லலாம் என்றால், ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போறேன்" என்றே நாம் சொல்வதில்லை, "காலி பண்றேன்" என்று எந்த வாயால் சொல்வது? ஆக, வாசலில் அவர் வழக்கம், மேஜையில் இருவர் வழக்கமும், புறப்படும்போது நம் வழக்கம். இரண்டு நாட்டுப் பண்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் நோட்டீஸ் கொடுக்க ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை, சித்தப்பா.

இரண்டாவது சனிக்கிழமை உட்காரும்போதே உறுதியாக, "நான் விருந்தாளி இல்லை, வாடகைக்கு இருப்பவள். ஒரு விஷயம் பேச வேண்டும்" என்றேன். "இந்த மேஜையில் உட்கார்ந்தால் கோஷ்ச்தான். முதலில் சூப்" என்றார். பீட்ரூட் சூப். குடித்துவிட்டு மாடிக்கு வந்து அந்தச் சொல்லைத் தேடினேன். கோஷ்ச் என்றால் விருந்தாளி. கடைக்கு வருகிறவரும் அதுதான், சாதாரணப் பேச்சில் "அந்த ஆள்" என்பதும் அதுதான். விருந்தாளி வந்துபோகும் நெடுஞ்சாலைக்கும், அவர் கையில் கொண்டுவரும் பரிசுக்கும் அதிலிருந்தே ஒரு பெயர் உண்டு. இதன் மிகப் பழைய வேருக்கு அந்நியன் என்று பொருளாம். அதே வேரிலிருந்து லத்தீனுக்குப் போன சொல், அங்கே எதிரி ஆகிவிட்டது. நம் பழந்தமிழில் விருந்து என்றாலும் புதுமைதான், புதிதாக வந்தவர்தான். முன்பின் தெரியாத ஆள் என்று நீங்கள் சொல்வதும் கோஷ்ச் என்று அவர் சொல்வதும் அடியில் ஒரே பொருள்தான். நீங்கள் அதைக் கேட்டுப் பூட்டைத் தேடுகிறீர்கள், அவர் தட்டைத் தேடுகிறார்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜை சிவாஜினி அக்காவிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? தபாலில போடுமன்."

"கீழ்வீட்டுக்கா, அக்கா?"

"ஓம். பேந்து அவரே அதை எடுத்துக்கொண்டு மேல வருவார். நீர் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுப்பீர். உம்மை எனக்குத் தெரியாதே?"

அதனால் மூன்றாவது சனிக்கிழமை நேரிலேயே போனேன். வெறுங்கையோடு போக மனமில்லாமல் புளியோதரை எடுத்துப்போனதுதான் தவறு. பரிசோடு வந்த விருந்தாளி என்று கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வந்து, இறந்துபோன மனைவியின் பீங்கான் தட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார். ஆறு வருடமாக இறங்காத தட்டுகளாம். அந்தத் தட்டில் உறையை எப்படி வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் கவலை வேண்டாம். நாளை மாலை ஆறு மணிக்குப் படியைத் தாண்டி உள்ளே போய், கோட்டைக் கழற்றாமல், உட்காராமல், கொடுத்துவிடுவேன். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஜூலை ஒன்றாம் தேதி பெட்டியோடு வருகிறேன் என்று மாமியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சித்திக்கு என் அன்பும், உங்கள் இருவர் காலிலும் விழுந்த நமஸ்காரமும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
தாரா

பி.கு.: ஏப்ரல் 1. இதைத் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. நேற்று கோட்டைக் கழற்றாமல்தான் போனேன். கசகசா கேக் இருந்தது. இன்று காலை யோசெப் மாடிக்கு வந்தார். படியைத் தாண்டி உள்ளே நின்று, "இப்போது கொடு. ஜனவரியிலிருந்து உன் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது" என்றார். கொடுத்தேன். பிரிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் அடுத்த வருடம் ஜூன் முப்பது வரை நீண்டுவிட்டது.