கரடியார் கடிதத்தைத் தின்ற ஆடு

ஒரு காட்டில், அதுவும் மழை பொய்த்துப் புல் பூண்டெல்லாம் கருகிப்போன காட்டில், வரதப்பன் என்றொரு கீரி இருந்தது. மற்ற கீரிகள் பாம்பைத் தேடி அலையும். இதுவோ பழைய புண்ணியவான்கள் கைப்பட எழுதிய கடிதங்களைத் தேடி அலையும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு, பெரும்பஞ்சத்தில் காட்டுக்கே கஞ்சி ஊற்றிய தருமலிங்கக் கரடியார் எழுதியதென்றால் அதற்கு உயிர். அவர் கடிதங்களில் கரையானுக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. அதைப் பார்த்து வரதப்பனுக்குக் 'கருணைக் காவலர்' பட்டம் கொடுக்கச் சிங்கராஜா அன்று வருவதாக இருந்தார்.

வரதப்பன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கடிதத்தைத் தூசு தட்டிக்கொண்டிருந்தபோது, செவந்தி என்ற ஆடு ஒட்டிய வயிற்றோடு வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, ஒரு வாய் கஞ்சி இருந்தா ஊத்துங்கண்ணே. கண்ணைக் கட்டுது."

"வர்ற நேரம் பாத்தியா? ராஜா வர்றாரு, எனக்கே தலைக்கு மேல வேலை."

"கையில என்னண்ணே அது?"

கேட்க ஓர் ஆள் கிடைத்தால் வரதப்பன் விடுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது: "பசித்து வந்தவரை வெறுமனே திருப்ப வேண்டாம். கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்பவும்."

வாசிக்க வாசிக்க அதற்கு அழுகை முட்டியது. கண்ணீர் பட்டால் மை கலைந்துவிடுமே!

"இதைச் சித்த பிடி" என்று ஆட்டிடம் நீட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்தது.

ஆடு வேறு எதனால் பிடிக்கும்? வாயால்தான் பிடித்தது.

"எங்கடி கடிதாசு?"

"அவருதான குடுத்து அனுப்பச் சொல்லியிருக்காரு" என்றது செவந்தி, அசைபோட்டபடி.

வரதப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. இந்த முறை நிஜமாகவே அழுதது. அதற்குள் வெளியே தாரை தப்பட்டை முழங்கியது. பட்டம் போய்விடுமே என்ற பதைப்பில் ஆட்டைப் பெட்டிக்குள் தள்ளி மூடி, ஒரு பலகையை மாட்டியது: 'கரடியாரின் கடிதம். உள்ளே இருக்கிறது.'

ஆட்டைக் கண்டதும் சிங்கராஜா நாக்கைச் சுழற்றினார். பலகையைப் படித்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எங்கே, வாசிக்கச் சொல்."

"மே" என்றது செவந்தி.

"ஆகா, என்ன கருணை!" என்று ராஜா கண்கலங்கினார். கடிதம் வாடக்கூடாதென்று அரண்மனைத் தோட்டத்திலிருந்து வேளாவேளைக்குப் பசும்புல் போட உத்தரவிட்டார். கண்ணாடியில் அழுக்குப் படியாமல் இருக்க, வாசலில் பசியோடு நின்ற மற்ற ஆடுகளை விரட்டவும் உத்தரவிட்டார்.

நீதி: பசித்தால் கையேந்தாதே, அருங்காட்சிப் பொருள் எதையாவது விழுங்கிவிடு. அதன்பிறகு உன்னைப் பட்டினி போட எவருக்கும் மனசு வராது.