பழைய கரண்ட் பில் என்றொரு ஃபோல்டர்

ஒரே ஒரு ஊராம். அந்த ஊரில் ஒரு புருஷனாம், ஒரு பெண்டாட்டியாம், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டராம்.

புருஷனுக்கு வீட்டிலேயே வேலை. அச்சகத்துப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பான். பெண்டாட்டி பல் ஆஸ்பத்திரியில் மேனேஜர். பல்லைப் பிடுங்குவது டாக்டர். பிடுங்க வந்தவர் எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்வது அவள்.

அப்பேர்ப்பட்டவளைத் தூரத்து ஊரில் திறக்கப்போகும் புதுக் கிளைக்குப் பொறுப்பாக வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

"என்னங்க, போகட்டுமா, வேண்டாமா?"

"உன் இஷ்டம்."

"உங்க இஷ்டம் என்ன?"

"உன் இஷ்டம்தான் என் இஷ்டம்."

"இதுக்கு அந்த டேபிள் ஃபேனைக் கேட்டிருந்தா தலையையாவது ஆட்டியிருக்கும்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவன் நெஞ்சுக்குள் ஒரு கூட்டமே 'போகாதே, போகாதே' என்று கத்தியது. வாய்தான் வழிவிடவில்லை.

சரி, அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்றாவது தெரியவேண்டாமா? யோசித்தான். மூளை மின்னியது. அவள் எதையும் தனியாக எழுதி, திருத்தி, அப்புறம் காப்பி பண்ணித்தான் மெயிலில் ஒட்டுவாள். கம்ப்யூட்டரில் ஒரு குட்டிப் புரோகிராம் போட்டான். யார் எதைக் காப்பி பண்ணினாலும், கட் பண்ணினாலும், அதை அப்படியே ஒரு ஃபைலாக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். அந்த ஃபோல்டருக்கு 'பழைய கரண்ட் பில்' என்று பெயர் வைத்தான். இதைப் போய் யார் திறப்பார்கள்? தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே ஒரு காபி போட்டுக் குடித்தான்.

காபி தந்த தைரியத்தில் அதே கம்ப்யூட்டரிலிருந்தே அவள் போனுக்கு ஒரு மெசேஜ் அடித்தான். படித்துப் பார்த்தான். காது சிவந்தது. கட் பண்ணினான். பக்கம் அமைக்கிற கைக்கு அழிக்க வராது. எந்த வரியை எப்போது திருப்பிக் கேட்பார்களோ என்று கட் பண்ணியே பழக்கம். அப்புறம், "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவைத்தான்.

தினமும் இதே கூத்து. மனசு அடிக்கும், வெட்கம் கட் பண்ணும், பால் போய்ச் சேரும். வீட்டில் பால் பொங்கி வழிந்தது.

செவ்வாய்க்கிழமை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஃபோல்டரைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் மேலே புதுசாக ஒரு ஃபைல். அதை மட்டும் படித்தான்.

'அக்கா, பாத்திரம் கழுவிக் கொடுக்கிற புருஷனா இருந்தா, விட்டுட்டுப் போக யாருக்கு மனசு வரும்?'

அவள் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் சமையலறையில் ஒரு பாத்திரம் மிச்சமில்லை. வாணலியில் முகம் பார்க்கலாம்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"சும்மாதான்."

மறுநாள்: 'அக்கா, மனசு கொஞ்சம் இளகுது. ஆனா பரண்மேல ஒட்டடையைப் பார்த்தா மறுபடியும் இறுகிடுது.'

பரண்மேல் ஏறினான். தும்மிக்கொண்டே இறங்கினான்.

அதற்கு மறுநாள்: 'அக்கா, இப்போ பாக்கி பாத்ரூம் மட்டும்தான்.'

அதையும் தேய்த்தான். முதுகு வில்லாக வளைந்துவிட்டது. வளைந்தாலென்ன, பெண்டாட்டி தங்கிவிடுவாளே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கம்ப்யூட்டரைவிட்டு எழுந்ததும் ஓடிப்போய்த் திறந்தான்.

'வேலைக்குச் சம்மதம் சொல்லிட்டேன் சார். அந்த ஊர்ல நீங்க வாடகைக்கு விடுற வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நாங்க ரெண்டு பேர். அவர் வீட்டிலேயே வேலை செய்றவர். ஜன்னலோரம் அவருக்கு ஒரு மேசை போடணும், வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும். இல்லேன்னா அவருக்குத் தலை வலிக்கும்.'

மூன்று தடவை படித்தான். எழுத்தெல்லாம் நீரில் மிதந்தது.

"ரெண்டு பேரா?" என்றான், திரையைப் பார்த்தபடியே.

"பின்னே? கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துலதானே உங்க வேலை? கூட வரலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" பின்னாலிருந்து அவள் குரல்.

தோணவில்லை. சத்தியமாகத் தோணவில்லை. அவன் திரும்பினான்.

"இதை நான் படிப்பேன்னு உனக்கு எப்படி..."

"இந்த வீட்ல கரண்ட் பில் கட்டுறது யாரு?"

"நீ."

"அப்போ பழைய பில்லைத் தேடுறது யாரு?"

அவன் டேபிள் ஃபேனைப் பார்த்தான். அது இல்லை இல்லை என்று தலையாட்டியது.

"திறந்தா, பில்லைக் காணோம். 'சாவி இருந்தும் நீ பெல் அடிப்பியே, அதுக்காகத்தான் சாயங்காலம் நான் எங்கேயும் போறதில்ல'ன்னு இருந்துச்சு." அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "இதையெல்லாம் கட் பண்ணிட்டு பால் வாங்கச் சொன்னீங்களா?"

"வாய் வரலைம்மா."

"இப்போ வருதா?"

"நீ இல்லாம இருக்க முடியாது. கூட வர்றேன்."

அவள் அவன் தலையில் ரெண்டு நாளாக ஒட்டியிருந்த ஒட்டடையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடு," என்றான், ஏதாவது சொல்லவேண்டுமே என்று. "தினமும் மெயில் எழுதுறியே."

"அக்காவுக்கு ஏது மெயில்? அது உங்களுக்கு எழுதினது."

சொல்லிவிட்டு, துணி மடிக்க உள்ளே போனாள். போகிறபோக்கில், "புது வீட்ல சிங்க் பெருசாம், கேட்டு வச்சிருக்கேன்," என்றாள்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்கு நடந்தான்.