நிற்காத முத்துரதம்

மனித குலம் எதற்காகச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்பது பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து, தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் எங்கள் அலுவலக மாடியில்தான் தெரியவந்தது. நாங்கள் தயாரிக்கும் மின்சார ஸ்கேட்போர்டுக்கு 'முத்துரதம்' என்று பெயர். கூடவே கைபேசியில் ஒரு செயலி. ஒரு பொத்தானை அமுக்கினால் ஓடும், இன்னொன்றை அமுக்கினால் நிற்கும். ஓடுவதில் எந்தக் குறையும் கிடையாது.

சிவபாலனாகிய நான் அங்கே 'வாடிக்கையாளர் மனநிறைவு' அதிகாரி. வாடிக்கையாளர்கள் மனம் நிறைந்திருக்கிறார்கள் என்று முதலாளி ஜெரால்டுக்கு மாதந்தோறும் தெரிவிப்பது என் வேலை.

சென்ற மாதம் ஒரு கருத்து நேரிலேயே வந்தது. கொண்டுவந்தவர் விஜிலா. அவர் கணவர் பெவின் கப்பல் மாலுமி. விடுமுறையில் வந்தவர் முத்துரதம் வாங்கி, ரோச் பூங்காப் பக்கம் போகையில் பிரேக் பிடிக்காமல், ஐஸ் ஏற்றிய லோடு ஆட்டோவில் மோதி, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாதக் கடைசியில் கப்பலேற வேண்டியவர்.

ஜெரால்டு உடனே கூட்டத்தைக் கூட்டினார். வாடிக்கையாளர் எங்களுக்குத் தெய்வம். தெய்வத்துக்கு டீயும் மக்ரூனும் படைத்தோம்.

"பிரேக்கை நாலு தடவ அமுக்கியிருக்காவ. நிக்கல," என்றார் விஜிலா. "அத மட்டும் சரி பண்ணுங்க. இன்னொருத்தர் விழுந்துரக் கூடாது."

செயலிப் பிரிவுத் தலைவி அனுஜா திரையைப் பார்த்து அதை உறுதிசெய்தார். நாலு தடவை அமுக்கியது உண்மை. அதாவது ஒரே பயணத்தில் நாலு தடவை செயலியோடு 'உறவாடி' இருக்கிறார்; இவ்வளவு ஈடுபாட்டை வேறெந்த வாடிக்கையாளரும் காட்டியதில்லை. மோதிய கையோடு செயலி அவருக்கு 'அதிவேக வீரர்' பட்டமும் வழங்கியிருந்தது. கூட்டம் கைதட்டியது. விஜிலா தட்டவில்லை. கையில் பை இருந்ததால் என்று நினைக்கிறேன்.

பிறகு பிரேக்கைப் பற்றி ஆழமாக விவாதித்தோம். பொத்தானின் சிவப்பு நிறம்தான் மக்களைப் பதறவைக்கிறது என்று அனுஜா விளக்கினார். அதைக் கிளிப்பச்சை ஆக்குவதென்றும், 'நிறுத்து' என்கிற எதிர்மறைச் சொல்லை எடுத்துவிட்டு 'இளைப்பாறு' என்று போடுவதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அந்தச் சொல்லை மாதா கோவிலில், செத்தவர்களுக்கான அடக்கப் பூசையில்தான் கேட்டிருப்பதாக விஜிலா சொன்னார். 'ஆக்கபூர்வமான கருத்து' என்று குறித்துக்கொண்டோம்.

விஜிலா எழுந்தார். விளம்பரத்துக்காக மூலையில் நிறுத்தியிருந்த முத்துரதத்தை இழுத்துவந்து ஜெரால்டின் காலடியில் போட்டார்.

"இதுல ஏறி அந்த வாசல் வரைக்கும் போயி நில்லுங்க சார். நின்னா, நான் பேசாம போயிருதேன்."

ஜெரால்டுக்கு முழங்கால் வலி இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஆகவே அந்தப் பேறு எனக்குக் கிடைத்தது. இந்த நிறுவனத்தில் அத்தனை வேகமாக நான் முன்னேறியதே இல்லை. வாசலுக்கு அப்பால் மாடிப்படி இருப்பதைத்தான் கூட்டத்தில் ஒருவரும் குறிப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் பெவினுக்குப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. அவருக்கு வலது கால், எனக்கு இடது கால். விஜிலா எனக்கும் சேர்த்தே கஞ்சி கொண்டுவந்தார். பெவினின் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டு கப்பல் போய்விட்டது. அதை விஜிலா குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஒங்களுக்கும் நிக்கலன்னு எழுதிக் குடுங்க அண்ணாச்சி. கம்பெனி ஆளு சொன்னா எடுபடும்."

கட்டாயம் எழுதுகிறேன் என்றேன்.

மறுநாள் ஜெரால்டு பூங்கொத்தோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். பதவி உயர்வு விஷயமாக ஏதோ சொல்லிக்கொண்டே செயலியைத் திறந்து என் கையில் கொடுத்தார். ஐந்து நட்சத்திரம் போட்டேன். 'மறக்க முடியாத பயணம்' என்று ஒரு வரியும் எழுதினேன். அதில் பொய் கிடையாது.

அவர் போன பிறகு பெவின் என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு விசாரித்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாவல்லா, அதுல முதுகெலும்பு இருந்துச்சா?"