ஜோகுபாளையத்து ராஷ்டிரபதி

நம் நாட்டில் கொஞ்ச காலம் ஒரே சமயத்தில் இரண்டு ஜனாதிபதிகள் இருந்தார்கள். ஒருவர் டில்லியில், முந்நூற்றுச் சொச்சம் அறைகள் கொண்ட மாளிகையில். இன்னொருவர் பெங்களூரு ஜோகுபாளையத்தில், லிஃப்டுக்கு எதிரே இருக்கும் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில். இரண்டு பேரில் அரசியல் சட்டத்துக்கு அதிகம் பயந்து நடந்தவர் யார் என்று கேட்டால், எனக்கு எதற்கு வம்பு, ஆனாலும் லிஃப்டுக்கு எதிரே இருந்தவர்தான்.

எங்கள் கட்டிடத்தில் அவருக்கு ராஷ்டிரபதி என்றுதான் பெயர். தமிழ்க்காரர்கள், கன்னடக்காரர்கள், பால் பாக்கெட் போடுகிறவர், எல்லோருக்கும் அதே பெயர். கூரியர்காரர் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். தாத்தா காலத்திலேயே மைசூர் சமஸ்தான வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். இவர் மாநிலத் தலைமைச் செயலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதற்குக் கோடு போட்டுக் கொடுத்த மனிதர். தனக்கென்று ஒரு கோடு கிடைத்தபோது அவர் தலைகால் புரியாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்தக் கோடு கிடைத்த கதையைச் சொல்கிறேன். அபார்ட்மென்ட் சங்கத்துக்குப் பிரசிடெண்டாக இருக்க எங்கள் கட்டிடத்தில் யாருமே முன்வருவதில்லை. முந்தைய பிரசிடெண்ட் பதவிக்குப் பயந்து ஃப்ளாட்டையே விற்றுவிட்டுப் போனார். வேலையெல்லாம் பார்ப்பது செக்ரட்டரி ஹேமா. ஈரோட்டிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய பொறுப்பில் இருப்பவர், பாதி நாள் கம்பெனி கேபிலும் மீதி நாள் போன் காலிலும் கழியும். "எனக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதுமுங்க, நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டாச் சரி" என்றார். எல்லோரும் ஒருமனதாக லிஃப்டுக்கு எதிர் ஃப்ளாட்டைப் பார்த்தோம்.

அவர் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. பிரசிடெண்டின் அதிகாரங்கள், கடமைகள், அவரை நீக்கும் முறை எல்லாமே இந்திய அரசியல் சட்டத்தில் ஜனாதிபதிக்குச் சொல்லியிருக்கிறபடி இருக்க வேண்டும் என்று சங்க விதிகளில் சேர்க்க வேண்டும். சாதாரண நாளாக இருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்போம். அன்று பின்னால் பெரிய பாத்திரத்தில் பிசிபேளாபாத் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிப்போன பிசிபேளாபாத்தைத் தின்பதற்குப் பதில் எந்த விதிக்கும் கை தூக்கலாம் என்று எல்லோரும் தூக்கினோம். எங்கள் தலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான்.

"அப்ப துணை ஜனாதிபதி?" என்றார் ராஷ்டிரபதி உடனே. துணை ஜனாதிபதி மேலவைக்குத் தலைமை தாங்க வேண்டும். எங்களுக்கு மேலவை இல்லாத குறைக்கு வாட்ஸ்அப் குழுவை மேலவையாக அறிவித்தார். அந்தக் குழுவுக்கு அட்மின் அடியேன். பத்திரிகையில் எழுதுகிறவன், பகலெல்லாம் வீட்டில் சும்மா இருப்பவன் என்பது கட்டிடத்தின் பொதுக் கருத்து. அதனால் நான் துணை ஜனாதிபதி ஆனதை யாரும் மறுக்கவில்லை.

பதவிப் பிரமாணம் செய்து வைக்கத் தலைமை நீதிபதி வேண்டுமே. கீழ்த்தளத்தில் நுகர்வோர் வழக்கு நடத்தும் வக்கீல் ரங்கப்பா இருந்தார். கன்னடக்காரர், நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார். ஏப்ரல் மாத வெயிலில் கழுத்து வரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டுடன் ராஷ்டிரபதி வந்து நின்று, தமிழில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை உறுதிமொழி எடுத்தார். நான்காவதாக இந்திக்கு மூச்சு இழுத்தபோது ரங்கப்பா, "பேகா, சீக்கிரம் முடிங்க சார், பசி பிராணன் போகுது" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரமே தண்ணீர் மோட்டார் நின்றது. நான்கு மாடி ஜனமும் அவர் வீட்டு வாசலில். முதல் மாடி பி.ஜி. விடுதியில் இருக்கும் பையன் ஒருவன் தலை முழுக்க ஷாம்பூவோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"சார், மோட்டார்க்காரனுக்கு ஒரு போன் பண்ணுங்க சார்!"

"நானா எதுவும் செய்ய முடியாது தம்பி. அமைச்சரவை ஆலோசனைப்படிதான் ஜனாதிபதி செயல்படணும். ஹேமா மேடம் எழுத்துல ஆலோசனை அனுப்பட்டும்."

"அவங்க மீட்டிங்ல இருக்காங்க சார். கண்ணு எரியுது சார்!"

"உடல்நலம் மாநிலப் பட்டியல்ல வருது."

"தண்ணி?"

"அதுவும் மாநிலப் பட்டியல்தான்" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

கடைசியில் அவர் மனைவி லலிதாக்கா உள்ளேயிருந்து வந்து மோட்டார்க்காரருக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு, "வீட்டுல காபிப் பொடி தீர்ந்து போச்சுன்னாலும் இதே பதில்தான்" என்று பையனிடம் சொன்னார். ராஷ்டிரபதி அதை மறுக்கவில்லை. வீட்டு நிர்வாகம் முழுவதும் மாநில அரசின் கையில், அதில் தலையிடுவது கூட்டாட்சிக்கு விரோதம் என்பது அவர் கொள்கை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்து உரையை மட்டும் நான் சாகிற வரை மறக்க மாட்டேன். ஜனாதிபதியின் உரையை அரசாங்கம்தான் எழுதித் தரும், அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றக்கூடாது என்று ஹேமாவுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஹேமா கேபில் உட்கார்ந்தபடி உரையை போனில் டைப் செய்து அனுப்பினார். ராஷ்டிரபதி எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்பீரமாக ஆரம்பித்தார்.

"மாண்புமிகு உறுப்பினர்களே! ஹாய் அங்கிள், சாரி ஃபார் தி டிலே. டிராஃபிக். இத அப்படியே படிச்சிருங்க, சொந்தமா எதுவும் சேர்க்க வேண்டாம் ப்ளீஸ். எனது அரசு கடந்த ஆண்டில் செப்டிக் டேங்கை இரண்டு முறை சுத்தம் செய்திருக்கிறது. எனது அரசு மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவதைக் கண்டிப்பாகத் தடை செய்யும். மூணாவது மாடி ஆண்ட்டி சண்டைக்கு வந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க."

மூன்றாவது மாடி ஆண்ட்டி அப்போதே எழுந்து நின்றுவிட்டார். அப்போதுதான் கேபிலிருந்து இறங்கி வந்த ஹேமா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். ராஷ்டிரபதி மட்டும் அசையவில்லை. கடைசி வரியில் இருந்த கட்டைவிரல் படத்தை எப்படி வாசிப்பது என்று ஒரு கணம் யோசித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சிரித்துச் சிரித்து நாங்கள் பழகிப்போன சமயத்தில்தான் செல்வி விஷயம் வந்தது.

எங்கள் கேட்டை ஒட்டிய முனையில் செல்வியின் இஸ்திரி வண்டி நிற்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். மாமனார் காலத்திலிருந்து அந்த முனைதான். எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் சிலர் சார்ஜ் போட அந்த இடம் வேண்டும் என்றார்கள். அது சங்கத்துக்குச் சொந்தமான இடம், கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. வண்டியை அகற்ற வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. செல்வி எங்களில் ஒருவர் பாக்கியில்லாமல் பிடித்துக் கேட்டார். "எல்லா முனையிலயும் வண்டி நிக்குது சார். இத உட்டா அல்சூர் வரைக்கும் எனக்கு நிக்க எடமே இல்ல. இன்னா பண்ணுவேன், சொல்லுங்க?" நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நகர்ந்தோம்.

ராஷ்டிரபதியிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. அவரைக் கண்டாலே செல்விக்கு ஆகாது. "ஒரு கோட்டுக்கு மூணு வாட்டி தண்ணி தெளிக்க சொல்றாரு, மடிப்பு கத்தியாட்டம் நிக்கணுமாம். அவரு எங்க எனக்காகப் பேசப்போறாரு" என்பார்.

தீர்மானம் கையெழுத்துக்குப் போனது. கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. "இந்த முனைக்கு முதலில் வந்தது கட்டிடமா, வண்டியா என்பதை அவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு குறிப்பு. எங்களுக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது. ஆனாலும் கமிட்டிக்காரர்கள், வண்டிதான் முதலில் வந்தது என்று ஒப்புக்கொண்டு, அதே தீர்மானத்தை மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள்.

இரண்டாவது தடவை வந்தால் ஜனாதிபதி மறுக்க முடியாது. அரசியல் சட்டம் அதில் கறார். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஹேமா பேனாவோடு நின்றார்.

"இப்ப போட்டுத்தான் ஆகணுமுங்க அங்கிள்."

"ஆமா, போட்டுத்தான் ஆகணும்" என்றார் ராஷ்டிரபதி. தாளை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். "எப்பப் போடணும்னு சட்டத்துல நாள் எதுவும் குறிக்கலை. டில்லியிலயே ஒருத்தர் தபால் மசோதா ஒண்ணை இப்படி வெச்சுக்கிட்டார். கையெழுத்தும் போடலை, திருப்பியும் அனுப்பலை. அது அப்படியே இருந்துச்சு."

அதற்குப் பிறகு காலை நடையிலும், கோயிலிலும், காய்கறிக் கடையிலும் அந்தக் கோட்டைக் கழற்றவே இல்லை. இஸ்திரிக்குப் போடுவதையும் நிறுத்திவிட்டார். "எனக்கு வேலை மிச்சம்" என்றார் செல்வி. ஏன் நிறுத்தினார் என்று நான் எடுத்துச் சொன்னதும், கரி போடாத வெறும் பெட்டியையே சேலை மேல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஹேமாவும் லேசுப்பட்டவர் இல்லை. விதிகளைப் படித்து, நீக்கும் முறையைக் கண்டுபிடித்து, குற்றச்சாட்டு எழுதிக்கொண்டு போனார். 'அங்கிள் தாளைப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் கடுப்பேற்றுகிறார்' என்று இருந்தது.

ராஷ்டிரபதி படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இது நிக்காதும்மா. கடுப்பேத்தறது குற்றமில்லை. 'அரசியல் சட்டத்தை மீறினார்'னு எழுதுங்க. நாலில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து, பதினாலு நாள் நோட்டீஸ். இருங்க, நானே டைப் பண்ணித் தரேன்." தன்னைப் பதவி நீக்கும் நோட்டீஸை அவரே டைப் அடித்து, கையெழுத்துக்குக் கோடும் போட்டுக் கொடுத்தார். வழக்கம்போல அழகான கோடு.

நோட்டீஸ் காலம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் கூட்டம். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கலிபோர்னியாவில் இருக்கும் ஃப்ளாட் சொந்தக்காரர்களின் ஓட்டுகள் போன் வழியாக வந்தன. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற செல்வி மூச்சை விட்டதை நானே பார்த்தேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. லலிதாக்கா.

"ஃப்ளாட் என் பேர்ல இருக்கு. ஓட்டு எனக்குத்தானே? நீக்கிடுங்க."

"லலிதா!" என்றார் ராஷ்டிரபதி.

"பின்ன என்னங்க? எத்தனை நாளாச்சு அந்தக் கோட்டைத் துவைச்சு! பக்கத்துல நிக்க முடியலை. நீக்கினாத்தான் கழட்டுவீங்க."

மாநில அரசு மத்திய அரசைக் கவிழ்த்துவிட்டது. நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கினோம். பார்த்தால், மனிதர் சந்தோஷத்தில் ஜொலிக்கிறார்! "இந்தியாவுல இது வரைக்கும் ஒரு ஜனாதிபதியைக்கூட இப்படி நீக்கினதில்லை தெரியுமா? நான்தான் முதல்!" என்று ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். ஹேமாவின் கையைக் கூடுதலாகக் குலுக்கி, முறை தவறாமல் செய்ததற்கு நன்றி சொன்னார்.

பிறகு என் முன்னால் வந்து நின்றார். ஜனாதிபதி இடம் காலியானால் துணை ஜனாதிபதி பொறுப்பேற்க வேண்டும். ரங்கப்பா அங்கேயே எனக்குப் பிரமாணம் செய்து வைத்தார், நல்லவேளையாக ஒரே மொழியில். ராஷ்டிரபதி உள்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். வியர்வையில் நைந்துபோயிருந்தது. ஹேமா பேனாவை நீட்டினார். கேட்டுக்கு வெளியே செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"முன்னாள் ஜனாதிபதி இந்நாள் ஜனாதிபதிக்கு யோசனை சொல்றது மரபில்லை" என்றார். சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற செல்வியை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவு நேரம் கூத்தாகத் தெரிந்ததெல்லாம் ஒரு நொடியில் வேறாகிவிட்டது. இந்த மனிதருக்கு இருந்த ஒரே அதிகாரம் கையெழுத்துப் போடாமல் இருப்பது. அதையும் ஒரு பைசாவுக்குக்கூடத் தனக்காகப் பயன்படுத்தவில்லை.

தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன்.

"அண்ணா, நீங்களுமா!" என்றார் ஹேமா.

"பரிசீலனையில இருக்கும்மா" என்றேன்.

ஹேமா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேவிட்டார். சார்ஜ் போடும் இடம் ஜெனரேட்டர் பக்கத்தில் அமைந்தது. சிரமம்தான், காரை இரண்டு தடவை திருப்ப வேண்டும். செல்வியின் வண்டி அந்த முனையிலேயே நிற்கிறது.

ராஷ்டிரபதி இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் மகள் வீட்டில், பதினோராவது மாடியில் இருக்கிறார். அங்கே சங்கத் தேர்தலுக்கே நான்கு கட்சி, இவரை யாரும் கிட்டச் சேர்ப்பதில்லை. குடியரசு தினத்துக்கு மட்டும் தவறாமல் போன் செய்வேன். நலம் விசாரித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தத் தீர்மானம் என்ன நிலைமையில இருக்கு?" என்பார்.

"இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு சார்" என்பேன்.

அந்தப் பக்கம் மனிதர் விழுந்து விழுந்து சிரிப்பார். அதைக் கேட்கத்தான் போன் செய்கிறேன்.