கொரியாவில் நான் உலுப்பிய மரம்

கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளைக்கு இந்த உலகத்தில் மன்னிப்பே கிடையாது. எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டும்போது என் கண் மூடியிருக்கிறது. மாலை மாற்றும்போதும் மூடியிருக்கிறது. கேக் வெட்டும்போது, கையில் கத்தியோடு, இன்னும் இறுக்கமாக மூடியிருக்கிறது. (ஃபிளாஷ் என்றால் என் இமைகளுக்கு அப்படியொரு பயம்.) என் மனைவி வதனி அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்டுவதில்லை. "நித்திரைகொள்ளுற மனுசனைக் கட்டின மாதிரிக் கிடக்கு" என்பாள்.

ஆகவே இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, நகை என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு படம். கொரியாவில், வசந்தகாலப் பூவிழாவில், செர்ரி மரத்தடியில் நாங்கள் இருவரும் நிற்க வேண்டும். மேலிருந்து இதழ்கள் கொட்ட வேண்டும். என் கண்கள் திறந்திருக்க வேண்டும். எல்லாம் தமிழில் குரல் கொடுத்த கொரியத் தொடர்கள் செய்த வேலை. அந்தத் தொடர்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தாலே போதும், பூ கொட்டத் தொடங்கிவிடும்.

நானோ பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், மரக்கறிக் கடையில் வேலை செய்பவன். வசந்தம் என்றால் எனக்கு மாம்பழப் பெட்டிகள் வந்து இறங்குகிற காலம், அவ்வளவுதான். பூப் பார்க்கக் கொரியாவுக்குப் போகிறேன் என்றதும் கடைத்தெருவே சிரித்தது. எங்கள் கல்யாணத்தைப் படம் பிடித்த வீடியோக்கார அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்துத் தெருவான ரூ பிலிப்-து-ஜிராரில் இன்னமும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். (என் கண் மூடியதில் அவருக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.) கடைக்குக் கத்தரிக்காய் வாங்க வந்தவர், தொழில்முறையில் ஆலோசனை சொன்னார்.

"பூ தானா விழும் எண்டு பாத்துக்கொண்டு நிக்காதை. இஞ்சை பார்க்கிலை பொம்பிளை மாப்பிள்ளையைப் படம் எடுக்கேக்கை நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? ஒருத்தனை விட்டுக் கொப்பைப் பிடிச்சு ஒரு உலுப்பு. அலுவல் முடிஞ்சுது."

"கொரியாக்காரன் ஏசமாட்டானோ அண்ணை?"

"அவனுக்கும் பூ விழத்தானே வேணும்!"

இதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

விழா நடந்த ஊரில், ஓர் ஓடையின் இரண்டு கரையிலும் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நின்றன. வதனி காஞ்சிபுரம் கட்டியிருந்தாள். நான் கோட் போட்டிருந்தேன். பத்தடிக்கு ஒருவர் எங்களை நிறுத்தி, குனிந்து வணங்கி, எங்களோடு நின்று படம் எடுத்தார். பிரான்சில் இத்தனை வருடம் வெளிநாட்டுக்காரனாக இருந்திருக்கிறேன், அதற்காக ஒருவரும் என்னோடு படம் எடுத்ததில்லை. வதிவிட அட்டைக்கு மட்டும் என் படத்தைக் கேட்டார்கள். அதையும் கண் மூடியிருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள்.

எல்லாம் சரி, காற்றுத்தான் இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. இருக்கிறதில் அழகான மரத்துக்கு முன்னால் சனம் ஒழுங்காக வரிசையில் நின்று, முறை வந்ததும் படம் எடுத்துக்கொண்டு போனது. எங்கள் முறை வந்தது. மகள் ஆரணி போனைத் தூக்கிப் பிடித்தாள். வதனி முகத்தை நிமிர்த்திச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நின்றாள். ஓர் இதழ் விழவேண்டுமே! பின்னால் வரிசை நீண்டது. அடுத்த நாள் எங்களுக்கு விமானம். வதனியின் சிரிப்பு மெல்ல மெல்லக் களைத்தது.

"விடுங்கோ," என்றாள். "எங்களுக்கு எப்பவும் இப்பிடித்தானே."

அதை அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சும்மா சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

"பிள்ளை, ரெடியா இரு!" என்று சொல்லிவிட்டுத் தலைக்கு மேலிருந்த கொப்பை எட்டிப் பிடித்தேன்.

"அப்பா, நோன்! நோன்!" என்று ஆரணி அலறினாள். (எங்களை நினைத்து வெட்கப்படும்போது அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும்.)

மெல்லமாக உலுப்பத்தான் நினைத்தேன். ஆனால் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிப் பழகிய கைக்கு மெல்லம் என்றால் என்னவென்று தெரியாது. அந்தப் பக்கத்துப் பூ மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டியது. வதனியைக் காணவில்லை, அவ்வளவு பூ. வரிசையில் நின்ற சனம் "ஆ!" என்றது. அத்தனை போன்களும் மேலே எழுந்தன. பக்கத்தில் நின்ற ஒரு காதல் சோடி என் பூவில் தாராளமாக நனைந்து படம் எடுத்துக்கொண்டது.

கொப்பை நான் இன்னும் விடவில்லை, பூவும் கொட்டி முடியவில்லை. அப்போதுதான் விசில் கேட்டது.

வெள்ளைக் கையுறை போட்ட காவலாளி ஒருவர் ஓடி வந்தார். அதுவரை ஆசை தீரப் படம் எடுத்த சனமெல்லாம் போனை இறக்கிவிட்டு, கோயில் உண்டியலை உடைத்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. காவலாளி முதலில் குனிந்து வணங்கினார். பிறகு நன்றாகப் பேசினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஏச்சுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. நான் பதிலுக்குக் குனிந்தேன். மரியாதைக்கு அவரும் குனிந்தார். அவர் குனிந்துவிட்டாரே என்று நான் இன்னும் தாழக் குனிந்தேன். இது எப்படி முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவர் என்னை விட்டுவிட்டு மரத்திடம் போனார். அடிமரத்தை இரண்டு தரம் மெல்லத் தட்டிக்கொடுத்தார், விழுந்தெழும்பிய பிள்ளையைத் தேற்றுவதுபோல. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

விடுதிக்குப் போகும் பஸ்ஸில் வதனி என்னை விட்டுத் தள்ளி இருந்து, சேலையில் ஒட்டிய இதழ்களைத் தட்டினாள். பாதி வழியில், "எங்கை, அந்தப் படத்தைக் காட்டு" என்று மகளிடம் கேட்டாள். பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள்.

இன்று அந்தப் படம் பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் எங்கள் வீட்டு ஹோலில், கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் தொங்குகிறது. மழைபோல இதழ்கள். நடுவில் கொப்பைப் பிடித்தபடி நான். விசில் கேட்ட அந்த நொடியில் என் இரண்டு கண்களும் முட்டை அளவுக்குத் திறந்திருக்கின்றன. பக்கத்தில் வதனி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறாள். வீடியோக்கார அண்ணை வந்து பார்த்துவிட்டு, "லைட்டிங் சரியில்லை" என்றார். ரயில் நடுவழியில் நின்றால் ஆரணி, "அப்பா, இறங்கி ஒருக்கா உலுப்பிவிடுங்கோ" என்கிறாள்.

வருகிறவர்கள் எல்லாரும் வதனியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், உங்கள் கண் மூடியிருக்கிறதே என்று. அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டுவாள்.

"என்ரை கண்ணை விடுங்கோ. கல்யாணத்திலை நித்திரையான மனுசன். இவரை எழுப்பக் கொரியாக்காரன் வந்து விசில் ஊத வேண்டிக் கிடந்தது."